என் அண்ணனுக்கு மாட்டிவிட்ட கோட்டு

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அண்ணியின் சார்பிலும் என் சார்பிலும் வணக்கம். இந்த நினைவு மலருக்காக, படிப்பவர்கள் கண் கலங்கும்படி எழுதித் தரச் சொன்னார்கள். நான் அழுது முடித்துவிட்டேன். மிஞ்சியிருப்பது அருவருப்புதான். அதனால் அதைத்தான் எழுத வருகிறது.

அண்ணன் பிறந்தது சிதம்பரம் மேலவீதியை ஒட்டிய எங்கள் சந்து வீட்டில். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் வீட்டு முடிவுகளையெல்லாம் அம்மாவின் அண்ணனான பெரிய மாமாதான் எடுத்தார். பிளஸ் டூ முடித்ததும் வீட்டை அடமானம் வைத்தாவது அண்ணனைப் பொறியியல் கல்லூரியில் சேர்த்துவிட வேண்டும் என்றார். அண்ணனோ யாரிடமும் சொல்லாமல் கடலூரில் கொதிகலன் கட்டும் ஒரு பட்டறைக்கு எழுதிப் போட்டு, தொழில் பழகுநராக இடமும் வாங்கிவிட்டார். கற்றுக்கொள்ளும்போதே மாதாமாதம் உதவித்தொகை உண்டு.

"கத்துக் குடுத்துட்டு எவனாவது காசும் குடுப்பானா? ஏமாத்தறானுவ. இரும்பு அடிக்கவா பிளஸ் டூ படிச்ச?" என்றார் மாமா.

"அவுங்க வேலைய நான் செய்யறேன், அதான் குடுக்கறாங்க. வீடு வீடாவே இருக்கட்டும் மாமா," என்றார் அண்ணன்.

கொதிகலன் என்றதும் கல்யாண வீட்டு வெந்நீர் பாய்லரை நினைத்துக்கொண்டு சிரித்தவர்கள் நம் சொந்தத்தில் நிறையப் பேர். ஆலைகளுக்கு நீராவி கொடுக்கிற அந்த உருளைக்குள் ஆள் எழுந்து நிற்கலாம். உள்ளே போக ஒரு துவாரம்தான் இருக்கும், உடம்பைக் குறுக்கித்தான் நுழைய வேண்டும். முதல் தடவை உள்ளே போனபோது மூச்சு முட்டி வாந்தி எடுத்ததாக அண்ணனே சொல்லியிருக்கிறார். வெல்டிங் வெளிச்சம் பட்டுக் கண் வீங்கி வந்து, உருளைக்கிழங்கை வெட்டிக் கண்மேல் வைத்துக்கொண்டு படுத்திருப்பார். மறுநாள் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். இரும்புத் தகட்டில் கோடு போடுவது, வளைப்பது, குழாய்களை அதனதன் துளையில் இறுக்கிப் பொருத்துவது எல்லாம் ஒவ்வொன்றாகக் கைக்கு வந்தன. கட்டி முடித்த கொதிகலனில் தண்ணீரை நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பார்ப்பார்கள். அது தாங்கிய நாளில் வீட்டுக்குள் நுழையும்போதே, "ஒரு சொட்டு கசியல தங்கச்சி!" என்று தெருவுக்கே கேட்கச் சொல்வார். சுத்தியல் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டதால் அவருக்கு மெதுவாகப் பேச வராது. "காட்டான் மாதிரி கத்தறான்" என்று அதையும் கேலி செய்தீர்கள்.

பயிற்சி முடிந்து அதே பட்டறையில் வேலை நிரந்தரமானதும் பெண் பார்க்கக் குறிஞ்சிப்பாடிக்குப் போனோம். பெண் வீட்டாரிடம் மாமா, "மாப்ள இன்ஜினியருங்க," என்றார். அண்ணன் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இல்லிங்க. நான் பாய்லர் கட்டற தொழிலாளி. அப்ரண்டிஸா சேந்து கத்துக்கிட்டேன்," என்றார். அந்தச் சம்பந்தம் அங்கேயே முறிந்தது. திரும்பும் வழியெல்லாம் மாமா திட்டிக்கொண்டே வந்தார். பிறகு நெல்லிக்குப்பத்தில் கரும்பு போடுகிற குடும்பத்தில் அண்ணியைப் பார்த்தோம். அண்ணி அவரிடம் கேட்டது ஒன்றுதான்: "அதுக்குள்ள போறீங்களே, பயமா இருக்காதா?" அண்ணன் சிரித்துக்கொண்டு, "பயம்தாங்க," என்றார். இருவரும் கடலூரில் குடியிருந்து மகனை வளர்த்தார்கள். நல்ல குடித்தனம்.

சென்ற ஆண்டு நெஞ்சுவலி என்று கடலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிழைக்கவில்லை. உடலைச் சிதம்பரத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் மாமா வீதியெங்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தார். அதில் அண்ணனின் முகத்தை வெளுப்பாக்கி, கழுத்துக்குக் கீழே யாருடையதோ கோட்டும் டையும் ஒட்டவைத்து, பெயருக்கு அடியில் 'பொறியாளர்' என்று போட்டிருந்தது. வாழ்நாளெல்லாம் வேண்டாம் என்று சொன்ன மனிதருக்கு, வாய் பேச முடியாதபோது அதை மாட்டிவிட்டார்கள்.

அண்ணனோடு ஒரே நாளில் பயிற்சிக்குச் சேர்ந்தவர் அந்தோணி. கடைசிவரை அவருடைய கூட்டாளி. ஆஸ்பத்திரியில் கேள்விப்பட்டு அவரும் பட்டறைக்காரர்களும் வேன் பிடித்து வந்தார்கள். எங்கள் சந்து வீடு அவர்களுக்குத் தெரியாது. அவர்களிடம் இருந்த ஒரே எண் அண்ணனுடையது, அந்த போன் பீரோவுக்குள் கிடந்தது. டீக்கடையில், "பாய்லர் வேல செஞ்சவரு எறந்துட்டாரே, வீடு எதுங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். "அப்பிடி யாரும் இல்லியே. இன்ஜினியர் ஒருத்தருதான் தவறிட்டாரு," என்று கடைக்காரர் போஸ்டரைக் காட்டியிருக்கிறார். வெளுத்த முகத்தையும் கோட்டையும் பட்டறையில் யாருக்கும் தெரியாத வீட்டுப் பெயரையும் பார்த்துவிட்டு, இது நம்ம ஆள் இல்லை என்று நான்கு வீதியும் சுற்றியிருக்கிறார்கள்.

எடுத்துக்கொண்டு போன பிறகு நாங்கள் வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தோம். வாசலில் மாலையோடு அந்தோணி அண்ணன் நின்றார். "எங்கம்மா அவன்?" என்றார். நான் கையைத்தான் காட்டினேன். சுடுகாட்டுக்கு ஓடினார்கள். அதற்குள் முகத்தை மூடி வரட்டி அடுக்கியாகிவிட்டது. ஒரு தடவை பார்த்துக்கொள்கிறோம் என்று கெஞ்சியதற்கு மாமா, "நேரத்துக்கு வந்துருக்கணும்," என்று சொன்னாராம். பெண்டாட்டி பிள்ளையைவிட அதிக நேரம் அவரோடு இருந்தவர்கள், அவர் முகத்தைப் பார்க்காமல் திரும்பினார்கள். அந்தோணி அண்ணன் இதை என்னிடம் சொல்லும்போது கோபப்படவில்லை. எனக்குத்தான் ஆறவில்லை.

ஆஸ்பத்திரியில் கூடவே இருந்த அண்ணியின் தம்பிகளுக்கும், காரியம் முடியும்வரை வேளாவேளைக்குச் சமைத்து அனுப்பிய பக்கத்து வீட்டாருக்கும், பந்தல் போட்ட தெருப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மாமாவுக்கும் ஒரு வரி நன்றி எழுதச் சொன்னார்கள். கை வரவில்லை.

இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது முதல் பந்திக்கு இலை போட்டிருக்கும். அது அந்தோணி அண்ணனுக்கும் பட்டறைக்காரர்களுக்கும். அண்ணிதான் பரிமாறுகிறார். அவர்கள் நிதானமாகச் சாப்பிட்டு எழுந்த பிறகு உங்களுக்கும் சாப்பாடு உண்டு. அதுவரை வெளியே காத்திருங்கள்.