எங்கள் குடும்பத்து வாயு

ரத்தப் பரிசோதனையை நான் எப்போதும் செமஸ்டர் பரீட்சையாகத்தான் நடத்திவந்தேன். வருஷம் முழுக்கப் புத்தகத்தைத் தொடாதவன் ஸ்டடி லீவில் விழுந்து விழுந்து படிப்பானே, அந்த மாதிரி ஊசிக்கு இரண்டு வாரம் முன்னால் உத்தமனாகிவிடுவேன். ஓட்ஸ், ஊறவைத்த வெந்தயம், பச்சைப் பூண்டு. மூன்றையும் உள்ளே தள்ளிவிட்டு, டெக்சாஸில் பிளானோ என்ற ஊரில் இருக்கும் என் ஆபீஸில் லிஃப்ட் ஏறினால், கூட ஏறவேண்டியவர்கள் படியில் போய் உடம்பைத் தேற்றிக்கொண்டார்கள். ரத்தம் எடுத்த அன்றைக்கு மதியமே நம்மூர்க் கடையில் நெய் ரோஸ்ட். பரீட்சை முடிந்தால் சினிமாவுக்குப் போகாதவன் உண்டா?

இவ்வளவு படித்தும் ஒவ்வொரு முறையும் ஃபெயில். கெட்ட கொழுப்பு என்கிறார்களே, அந்த எல்.டி.எல். நூற்றுக்குள் இருக்கவேண்டிய சமாச்சாரம். எனக்கு இருநூறுக்குக் கீழே இறங்கியதே இல்லை. நானோ ஒல்லி. சட்டையை ஹேங்கரில் மாட்டினாலும் என்மேல் மாட்டினாலும் ஒரே மாதிரிதான் தொங்கும். முட்டைகூட வாசற்படி ஏறாத வீட்டில் வளர்ந்தவன். எனவே இன்ஜினியர் என்ற முறையில் நான் வந்த முடிவு, மெஷினில் கோளாறு. லேபை மாற்றினேன். புது லேபின் மெஷினும் அதே கோளாறோடு இருந்தது.

மாத்திரை கொடுக்காமல் இல்லை. கொடுத்தார்கள், சாப்பிட்டேன், எண் கொஞ்சம் இறங்கியது, நிறுத்திவிட்டேன். காய்ச்சல் விட்டதும் பாக்கி மாத்திரையை அலமாரியில் பத்திரப்படுத்துகிற ஜாதி நாங்கள். போன வருஷம் எண் முந்நூறைத் தொட்டபோது, வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் பொறுமையிழந்து பக்கத்து ஊரான ஃபிரிஸ்கோவில் இருக்கும் இதய மருத்துவரிடம் என்னை அனுப்பிவைத்தார்.

அவர் திருச்சிக்காரப் பெண். என்னைவிடச் சின்னவர். நம்மூர் ஆள் என்றதும் எனக்குக் குஷி. தமிழில் பேசினால் இரண்டு மார்க் சேர்த்துப் போடமாட்டாரா?

"குடும்பத்துல யாருக்காவது ஹார்ட் ப்ராப்ளம் இருக்கா சார்?"

"இல்லைங்க டாக்டர். எங்க வீட்ல எல்லாருக்கும் ஹார்ட் ஸ்ட்ராங்."

"அப்பா இருக்காங்களா?"

"இல்லைங்க. நாப்பத்தாறு வயசுலயே போயிட்டாரு."

"எதனால?"

"வாயுங்க."

டாக்டர் கணினியிலிருந்து தலையைத் திருப்பினார். "வாயுன்னா?"

"கேஸ் டாக்டர். நெஞ்சுல வந்து அடைச்சுக்கிச்சு."

"அப்பா கூடப் பிறந்தவங்க?"

"பெரியப்பா ஒருத்தர். அவரும் சின்ன வயசுலயே."

"அவருக்கு என்ன?"

பதில் வாய்வரை வந்துவிட்டது. சொல்லும்போதுதான் அது என் காதிலேயே விழுந்தது. "அவருக்கும் வாயுதாங்க."

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "சார், கேஸ்ல யாரும் சாகறதில்ல," என்றார். பிறகு ஷூவையும் சாக்ஸையும் கழற்றச் சொல்லி, குதிகாலுக்கு மேலே உள்ள தடித்த நரம்பை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். காய்கறிக் கடையில் முருங்கைக்காயைப் பார்க்கிற மாதிரி.

"இது எப்பலேர்ந்து இப்படித் தடிமனா இருக்கு?"

"அது பேட்மின்டன் ஆடுனதுல வந்தது டாக்டர்."

"கடைசியா எப்ப ஆடினீங்க?"

"ஆடணும்னு இருக்கேங்க."

அது பேட்மின்டன் இல்லையாம்; பிறந்ததிலிருந்து ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருந்த கொழுப்பு போய் உட்கார்ந்த இடமாம். என் ஈரல் அதை அப்புறப்படுத்தத் தெரியாத ஈரல். சாப்பாட்டால் வந்ததில்லை, சாப்பாட்டால் மட்டும் போகப்போவதுமில்லை. அப்பா வழியில் வந்த சொத்து. தினமும் மாத்திரை, ஆயுள் முழுக்க, லீவு கிடையாது. இதையெல்லாம் தலையாட்டிக்கொண்டே கேட்டேன். என் தலை நன்றாக ஆடும்.

"பசங்க இருக்காங்களா?"

"ஒரு பொண்ணு. பன்னெண்டு வயசு."

"அவளுக்கும் டெஸ்ட் பண்ணிடுங்க சார். வந்திருக்க பாதிக்குப் பாதி சான்ஸ் இருக்கு."

தலை ஆடுவதை நிறுத்தியது அப்போதுதான்.

அதற்குப் பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மீட்டிங்கில் எழுந்து நின்றேன். வீட்டுக்கு வந்து, யாரும் கேட்காமலே கராஜைச் சுத்தம் செய்தேன். மகள் படியேறிப் போனால் பின்னாலேயே போய்க் குதிகாலைப் பார்த்தேன். எது தடிமன், எது மெல்லிசு என்று ஒப்பிட ஆள் வேண்டுமே. சனிக்கிழமை கோயிலில் எல்லோரும் வெறுங்காலோடு நின்றது வசதியாகப் போயிற்று. அனுமார் எதிரில் இருக்க, நான் தலைகுனிந்து முன்வரிசைக் குதிகால்களை வரிசையாகத் தரிசித்தேன். பக்கத்தில் ஒரு ஆன்ட்டி, "எவ்ளோ பக்தி பாருங்க," என்று என் மனைவியிடம் சொன்னார். என் மனைவிக்கு என் பக்தியின் அளவு தெரியும்.

"என்னப்பா தேடற, கீழயே பார்த்துட்டு?" என்றாள் காரில். அவள் சென்னைக்காரி, கல்யாணமான புதிதில் என்னை நீங்க என்பாள், கிரீன் கார்டு வந்த பிறகு நீ ஆகிவிட்டேன். அவளிடம் டாக்டர் சொன்னதைச் சொன்னேன், எனக்கு வந்த பாகத்தை மட்டும். பின்சீட்டில் மகள் இருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ஈரோட்டில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டேன். அங்கே ராத்திரி ஆகியிருந்தது.

"அம்மா, அப்பாவுக்கு அன்னிக்கு என்ன ஆச்சு?"

"என்ன கண்ணு திடீர்னு? வாயுதான். மார அடைக்குதுன்னாரு. இடது கையெல்லாம் குடையுதுன்னாரு. வேர்த்துக் கொட்டுச்சு. நாந்தான் ஓமத்தண்ணி காச்சிக் குடுத்தேன். குடிச்சுப்போட்டு, இப்பத் தேவலைன்னு சாஞ்சவருதான்."

"தாத்தா?"

"மாமனார நான் எங்க பாத்தேன்? கல்யாணத்துக்கு முன்னாலயே போயிட்டாரு. அவுங்க வமுசத்துக்கே வாயு ஒடம்பு சாமி. நீ அந்தக் கெழங்கு கிழங்கெல்லாம் திங்காத."

எங்கள் வம்சத்தில் உருளைக்கிழங்குமேல் எத்தனை கொலைப்பழி என்று அன்றுதான் கணக்குத் தெரிந்தது. ஜோக்காகச் சொல்லப் பார்த்தேன், வரவில்லை.

"ஏங் கண்ணு, வாயு இல்லையா அது?" என்றாள் அம்மா. குரல் மாறியிருந்தது. "ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா..."

"அந்தக் காலத்துல யாருக்கும்மா தெரியும்? ஓமத்தண்ணி நல்லதுதான்."

வைத்துவிட்டேன். பிறகு வீட்டைச் சுற்றி, தெருவைச் சுற்றி, அடுத்த தெருவையும் சுற்றி நடந்தேன். டெக்சாஸ் வெயிலில் எங்கள் குடியிருப்பில் நடக்கிறவன் ஒன்று நாயோடு போவான், அல்லது கார் ரிப்பேராகிப் போவான். பக்கத்து வீட்டுக்காரர் கார் ஜன்னலை இறக்கி, லிஃப்ட் வேண்டுமா என்றார். "நோ நோ, ஜஸ்ட் வாக்கிங்," என்று ஓடாத குறையாக நடந்தேன்.

அன்று ராத்திரி மனைவியிடம் மிச்சப் பாகத்தையும் சொன்னேன். மகளுக்கு டெஸ்ட் என்று அவளிடமும் சொல்ல வேண்டியதாயிற்று. என் மனைவிதான் சொன்னாள், மறைக்காமல். மகள் நாங்கள் பேசும் தமிழெல்லாம் புரிந்துகொண்டு பதிலை மட்டும் இங்கிலீஷில் தருகிறவள். "ஓகே. வில் இட் ஹர்ட்?" என்றாள். அவ்வளவுதான்.

லேபில் இடம் கிடைத்தது இரண்டு வாரம் கழித்து. இரண்டு வாரம் என்றதும் என் புத்தி எங்கே போகும்? மறுநாள் காலை அவள் சீரியலை எடுத்து உள்ளே வைத்துவிட்டு ஓட்ஸ் கிண்ணத்தை நீட்டினேன். அதற்கு மறுநாள் ஓட்ஸோடு வெந்தயம். பூண்டை நசுக்கித் தேனில் குழைத்துக்கொண்டிருந்தபோது மனைவி வந்துவிட்டாள்.

"என்ன பண்ற?"

"ப்ரிபேர் பண்றேன்."

"யாருக்கு?"

"அவளுக்குத்தான். நம்பர் கொஞ்சம் கம்மியா வந்தா நல்லதுதானே."

மனைவி ஸ்பூனை வாங்கி சிங்க்கில் போட்டாள். "நம்பர் நல்லா வரணுமா, பொண்ணு நல்லா இருக்கணுமா? நீ ஏமாத்திப் பாஸ் பண்ணப் பார்த்து என்ன கிழிச்ச? உங்கப்பாவுக்குப் பார்க்கவே ஆள் இல்ல. இவளுக்கு இருக்கு. உள்ளது உள்ளபடி தெரியட்டும்."

"அவளுக்கு வந்திருந்தா, அது என்னாலதானே?"

"உன்னாலதான். மூக்கும் உன்னாலதான். அதுக்கு ஒரு நாளாவது வருத்தப்பட்டியா?"

மகள் மாடியிலிருந்து, "அப்பா, தி ஹோல் ஹவுஸ் ஸ்மெல்ஸ்," என்று குரல் கொடுத்தாள். பூண்டைக் குப்பையில் கொட்டினேன். மறுநாளிலிருந்து அவள் சீரியல் சாப்பிட்டாள், பள்ளியில் பீட்சா சாப்பிட்டாள், தோழி வீட்டில் என்னவோ சாப்பிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து என் மாத்திரையை விழுங்கினேன். வெறும் மாத்திரை, வெந்தயத் துணை இல்லாமல்.

ரத்தம் எடுத்தவர் அவள் கையில் ஊதா நிற பேண்டேஜ் ஒட்டினார். ஊசி போட்டபோது அவள் ஜன்னலைப் பார்த்தாள், நான் கதவைப் பார்த்தேன். பிறகு ஆரம்பித்தது காத்திருப்பு. இங்கே ரிசல்ட் டாக்டருக்கு முன்னால் நம் போனுக்கு வந்துவிடுகிறது. இந்த ஏற்பாட்டைச் செய்தவருக்குப் பிள்ளைகள் இருக்கமாட்டார்கள். ஆபீஸில் தினமும் நின்றபடியே நடத்தும் ஸ்டாண்டப் மீட்டிங்கில் போனைப் பார்த்தேன். சிக்னலில் நிற்கும்போது பார்த்தேன். பாத்ரூமில் போனைத் தண்ணீரில் போட இருந்தேன். "வந்தா சத்தம் குடுக்கும், சும்மா இரு," என்றாள் மனைவி. அவள் போனும் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை மினுங்கியதைக் கவனிக்காத மாதிரி இருந்தேன்.

வந்தது, மகளின் வாலிபால் பயிற்சி முடியக் காத்திருந்தபோது. ஜிம்முக்கு வெளியே வரிசையாகப் பெற்றோர்களின் கார்கள், எல்லாவற்றிலும் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. திறந்தேன். இருநூற்றுப் பத்து. பக்கத்தில் சிவப்பில் ஒரு ஆச்சரியக்குறி.

மெஷின் கோளாறு என்று தோன்றவில்லை. அப்படித் தோன்றாதா என்று கொஞ்ச நேரம் பார்த்தேன்.

மனைவிக்குப் போன் செய்தேன். "வந்துடுச்சு."

"பார்த்துட்டேன்," என்றாள். மூக்கை உறிஞ்சும் சத்தம். "சைல்ட் ஸ்பெஷலிஸ்ட் கிட்ட வியாழக்கிழமை காலைல அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டேன். அவகிட்ட நீ சொல்லு. சிரிக்க வைக்கறேன்னு எதையாவது உளறாத."

மகள் கதவைத் திறந்து பையைப் பின்னால் எறிந்துவிட்டு உட்கார்ந்தாள். முழங்காலில் புதுச் சிராய்ப்பு. என் முகத்தைப் பார்த்தாள்.

"இட் கேம்?"

"ம்."

"இஸ் இட் பேட்?"

"என்னோடது மாதிரிதான்டா. கொஞ்சம் கம்மி."

"ஸோ வாட் டூ வி டூ?"

"டாக்டரைப் பார்க்கணும். மாத்திரை குடுப்பாங்க. தினமும் சாப்பிடணும்."

"ஃபார் ஹவ் லாங்?"

எனக்குத் தெரிந்த ஜோக்குகள் எல்லாம் கைகட்டி நின்றன. "எப்பவும்," என்றேன்.

அவள் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். "டிட் தாத்தா டேக் இட்?"

"தாத்தாவுக்கு இருக்கறதே தெரியாது. யாருக்கும் தெரியாது."

"பட் யூ நோ."

"தெரியும்."

"ஓகே." பாட்டிலை மூடிக் கீழே வைத்தாள். "வென் இஸ் தி டாக்டர்?"

"வியாழக்கிழமை காலைல."

"நோ. ஐ ஹேவ் எ சயின்ஸ் டெஸ்ட். ஆஃப்டர் லன்ச் வைங்கப்பா."

கடைசிச் சொல் தமிழில் வந்ததை நான் கவனித்தேன், காட்டிக்கொள்ளவில்லை. டாக்டர் ஆபீஸுக்குப் போன் செய்தேன். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு பெண் சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டுவிட்டாள். இந்த மாதிரிப் பாட்டை நான் இரண்டாவது வரிக்குமேல் கேட்டதில்லை. வைத்துவிட்டு நாளைக்குப் பார்த்துக்கொள்வேன். போனை ஸ்பீக்கரில் போட்டு டாஷ்போர்டில் வைத்தேன். எங்களுக்கு முன்னால் நின்ற கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின.

"ஹவ் லாங் இஸ் திஸ்?" என்றாள் மகள்.

"தெரியலடா. எடுக்கற வரைக்கும் இருப்போம்."

அவள் சீட்டைப் பின்னால் சாய்த்து, ஷூவை உதறிவிட்டுக் கால்களை டாஷ்போர்டின்மேல் நீட்டிக்கொண்டாள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.