முதலில் பதிந்தவர்

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், வெளிநாட்டு ஊழியர்களுக்கு ஞாயிறுதோறும் இலவசக் கண் பரிசோதனை நடக்கிறது. நடத்துவது தொண்டூழியர்கள். வாசலில் நின்று பெயர் கூப்பிடுவது என் வேலை.

டாக்டர் ஒருவர்தான், அதனால் வாரம் பத்துப் பேர். திங்கட்கிழமை காலை கைப்பேசியில் பதிவு திறக்கும். முதலில் பதிகிற பத்துப் பேருக்கு மெசேஜ் போகும். புரோகிராமை இலவசமாக எழுதிக் கொடுத்தவர் பிரகாஷ், சென்னையிலிருந்து வந்த ஐடி இளைஞர்.

செல்வம் என்ற ஊழியருக்கு ஷிப்யார்டில் இரும்பைத் தேய்க்கும் கிரைண்டிங் வேலை. வலது கண் மங்கல். வேலை நாளில் லீவு கேட்டால் சூப்பர்வைசர் முறைப்பாராம். ஒரு ஞாயிறு, மெசேஜ் வராமலே நேரில் வந்து நின்றார்.

"அண்ணே, என் பேர் இருக்கா?"

இல்லை. "அடுத்த வாரம் இன்னும் சீக்கிரமா பதிங்க தம்பி" என்றேன்.

அடுத்த வாரமும் பெயர் இல்லை. அதற்கடுத்த வாரமும்... அதே அறிவுரை. அறிவுரைக்கு என்ன, காசா பணமா?

போன ஞாயிறு அவர் கைப்பேசியை நீட்டினார். "திங்கக்கிழமை வேலைக்கு லாரியில ஏறுறதுக்கு முன்னாடி, திறந்த உடனே அமுக்கிட்டேண்ணே."

பார்த்தேன். பதிவு திறந்த அதே நிமிடம்!

பிரகாஷுக்குப் போன் போட்டேன். லேப்டாப்பைத் திறந்து, தான் எழுதியதை வரி வரியாகப் பார்த்தார்.

"சார்... புரோகிராம் லிஸ்ட்டுல முதல் ஆளோட நம்பர் ஒண்ணு இல்ல, பூஜ்யம். பூஜ்யத்துலேர்ந்து ஒன்பது வரைக்கும் எடுக்கணும். நான் ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும்னு எழுதிட்டேன்."

அதாவது, வாராவாரம் முதல் ஆள் விடுபட்டார். பதினொன்றாவது ஆள் உள்ளே வந்தார். பத்துப் பேர் சரியாக இருந்ததால் எங்களில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. தலை எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும், முகத்தை யார் பார்க்கிறோம்?

முதலில் பதிகிறவர் யார்? அவசரம் யாருக்கு அதிகமோ அவர். இதற்கு முன் விடுபட்டவர்கள், தாங்கள்தான் தாமதம் என்று நினைத்துப் பேசாமல் இருந்திருப்பார்கள். செல்வத்தையோ நான் சீக்கிரம், சீக்கிரம் என்று விரட்டி அந்தப் பூஜ்யத்திலேயே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

அவரிடம் எப்படிச் சொல்வது? வாய் வரவில்லை. கையைப் பிடித்து நேரே டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

டாக்டர் வெகுநேரம் பார்த்தார். வலது கண்ணில் போன பார்வை இனித் திரும்பாது என்றார். "ஏம்ப்பா, கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கக் கூடாதா? இடது கண்ணையாவது அடுத்த மாசம் வந்து காட்டு."

செல்வம் தலையைக் குனிந்துகொண்டார்.

"தப்புதான் சார். அடுத்த தடவை இன்னும் சீக்கிரமா பதிஞ்சுடுறேன்."