பாலம்மாவின் வேலியும் என் புள்ளடியும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு இந்த மில்ரன் மறைத்துவிட்டான் என்று யாரும் கதைக்கக்கூடாது. பாலம்மாவின் வேலியைப் பறித்துக் கொடுத்தவன் நான். ஒரு நீலப் பேனை, ஒரு படிவம், அதில் ஒரு புள்ளடி. அவ்வளவுதான் செலவானது. இதை எழுதும்போதும் அந்தக் கையைப் பார்க்க எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

மன்னார்ப் பக்கம், முசலிக்குத் தெற்கே காடு தொடங்குகிற இடத்தில் முப்பது வீடுகள் உள்ள ஒரு குடியேற்றம். அதில் கடைசிக் காணி பாலம்மாவுடையது. அரை ஏக்கர். தகரம் போட்ட வீடு, கிணறு, ஐந்து முருங்கை, கொஞ்சம் கத்தரி, மூன்று ஆடு. நாலு பக்கமும் முட்கிளுவை வேலி. அந்த வேலிதான் அவருடைய சொத்து. வீட்டைப் பற்றி யாராவது குறை சொன்னால் சிரிப்பார். வேலியைப் பற்றிச் சொன்னால் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் போகவேண்டும்.

மலையகத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். எண்பத்து மூன்று கலவரத்தில் லயத்து வீடுகளுக்கு நெருப்பு வைத்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. தகப்பன் லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து இங்கே இறக்கினார். "செருப்பில்லாம மணல்ல நின்னேன் தம்பி. அடுப்புல நின்ன மாதிரி இருந்துச்சு. அப்பவே அழுது முடிச்சிட்டேன், அப்புறம் அழுகல்ல," என்று ஒருமுறை சொன்னார். பதினெட்டு வயதில் லெட்சுமணன் என்பவரைக் கட்டினார். இரண்டு பேருமாகக் கிளுவைக் கிளைகளை வெட்டிக் கதியாலாக ஊன்றினார்கள். கிளுவைக்கு வேர் வேண்டாம், வெட்டிய தடியை மழைக்கு முன் நட்டால் போதும், துளிர்த்துவிடும். துளிர்க்கிறதைப் பார்க்க யுத்தம் அவர்களுக்கு நேரம் கொடுக்கவில்லை. தொண்ணூறில் படகேறி இந்தியா, மண்டபம் முகாம், இருபது வருடம். காணிப் பேர்மிட் கடல் தண்ணீரில் ஊறிக் கூழாகிப் போனது. லெட்சுமணன் முகாமிலேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார்.

இரண்டாயிரத்துப் பத்தில் மகள் தர்ஷிகாவுடன் திரும்பி வந்தபோது வீடு இல்லை. கிணறு தூர்ந்து கிடந்தது. வேலி மட்டும் நின்றது. இருபது வருடம் வெட்டாமல், கொடி படர்ந்து, கைவைக்க இடமில்லாமல் நின்றது. அதை வெட்டத் தொடங்கிய முதல் நாளில்தான் கொடிக்குள் ஒரு பந்து தெரிந்தது. தேங்காய் மட்டை என்று நினைத்துக் கத்தியால் தட்டியிருக்கிறார். பந்து விரிந்து, முகத்தில் பாதியளவு இருக்கிற இரண்டு கண்களைத் திறந்து பார்த்தது. தேவாங்கு. "நா போட்ட சத்தத்துல ஆடு கயிறறுத்துக்கிட்டு ஓடிருச்சு," என்பார்.

ஊரில் உடனே பஞ்சாயத்து. அது கத்தினால் சாவு விழுமாம், வேலியோடு சேர்த்துக் கொளுத்து என்றார்கள். சாவைப் பார்த்து முடித்த ஆளிடம் போய் இதைச் சொன்னார்கள், புத்தி எப்படி! அடுத்த மாதம் எங்கிருந்தோ வசிய மருந்துக்காரன் ஒருவன் வந்தான். தேவாங்கின் கண் வேண்டுமாம், ஒரு சோடி. பாலம்மா விளக்குமாற்றை எடுத்தார். "கண்ணா வேணும்? உன் கண்ண ரெண்டையும் புடுங்கி வச்சிட்டுப் போடா!" அந்த ஆள் அதற்குப் பிறகு முசலிப் பக்கம் தலைகாட்டவில்லை.

இனி அவர் வேலி வெட்டும் முறையைச் சொல்லவேண்டும், ஏனென்றால் எல்லாக் கூத்தும் அதில்தான் இருக்கிறது. மற்றவர்கள் புரட்டாதியில் நாலு பக்கத்தையும் ஒரே மூச்சில் மொட்டையடிப்பார்கள். பாலம்மா ஒரு வருடம் கிழக்கும் தெற்கும், மறுவருடம் மேற்கும் வடக்கும் வெட்டுவார். அதுவும் தலைமட்டத்துக்கு மேலே மட்டும். அப்போது அடி அடர்த்தியாக நிற்கும், கிளை கிளையைத் தொட்டுக்கொண்டிருக்கும், தேவாங்கு நிலத்தில் கால் வைக்காமல் காட்டிலிருந்து கிணற்றடி வரைக்கும் வந்து போகும். வெட்டாமல் விட்டால் கிளுவை மேலே மேலே ஓடி, அடி வெளித்து, இடைவெளி விழுந்துவிடும். முந்தி இருபது வருடம் அதைக் கொடி தாங்கியது, இப்போது கொடியை ஆடுகள் விட்டுவைப்பதில்லை. இதை அவருக்கு எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லிக் கொடுக்கவில்லை. பார்த்துப் பார்த்துத் தானே கண்டுபிடித்தார்.

மூன்று வருடங்களுக்கு முன் தேவாங்குகளைக் கணக்கெடுக்க ஒரு குழு வந்தது. நான் ஓலைத்தொடுவாய்க் கடற்றொழிலாளியின் மகன், மூன்று மொழியும் தெரியும், ஆகவே மொழிபெயர்க்கவும் படிவம் நிரப்பவும் என்னைப் பிடித்தார்கள். காட்டுக்குள் ஒரு கிழமை முழுக்க அலைந்து இரண்டைத்தான் கண்டோம். பாலம்மாவின் வேலியில் ஏழு. மனுசிக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் எல்லாருக்கும் இஞ்சி தட்டிப்போட்டுத் தேத்தண்ணி தந்து, எந்தக் கிளைக் கவட்டில் எது படுக்கும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார்.

படிவத்தில் 'விலங்கு காணப்பட்ட நிலம்' என்று ஒரு கேள்வி. காடு, புதர் மண்டிய பற்றைக்காடு, வயல், குளக்கரை என்று நாலு கட்டம். வேலிக்குக் கட்டம் இல்லை. குழுத் தலைவரைக் கேட்டேன். கிட்டத்தட்ட எது பொருந்துதோ அதைப் போடு என்றார். வெயில் மண்டையைப் பிளந்தது, சாப்பாட்டுப் பார்சல் வாகனத்தில் காத்திருந்தது. பற்றைக்காட்டில் புள்ளடி போட்டேன்.

"என்னா தம்பி எழுதுன?" என்று எட்டிப் பார்த்தார் பாலம்மா.

"பற்றைக்காடு எண்டு போட்டனான்."

"என் வேலி பத்தக்காடா? வருசாவருசம் வெட்டி வச்சிருக்கேன், கண்ணு தெரியல்லியா?"

"சும்மா ஒரு பேருக்குத்தான் அக்கா. நீங்கள் இதில கையெழுத்து வையுங்கோ."

நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் வைத்தார்.

ஒன்றரை வருடத்தில் தேவாங்குக்கென்று புதிய ஒதுக்குக் காடு பிரகடனமானது. எங்கள் புள்ளடிகளைச் சேர்த்துத்தான் கோடு இழுத்தார்களாம். பாலம்மாவின் வேலி பற்றைக்காடு, வேலிக்குள் இருக்கிற வீடு காட்டுக்குள் அத்துமீறல். வாசல் படலைக்கு முன்னால் சீமெந்து எல்லைக் கல் நட்டு, மூன்று மாதத்தில் வெளியேறு என்று கடிதமும் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அவர் பஸ் ஏறி மன்னாருக்கு வந்தார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் நான் இருப்பேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கடை வாசலில் படுத்திருந்த கழுதையைத் தாண்டி வந்து, என் புட்டுக் கோப்பைக்கு மேல் கடிதத்தைப் போட்டார்.

"வாசிடா."

வாசித்தேன்.

"இது நீ எழுதுனதுலருந்து வந்ததா?"

"ஓம் அக்கா."

"என் வீட்டுத் தேத்தண்ணி குடிச்சியேடா!"

கடையே திரும்பிப் பார்த்தது. அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். இந்த வார்த்தைக்கு எங்கே போய் முகத்தை வைப்பது?

கடிதத்தை எதிர்த்து மனுப் போட்டார், விசாரணைக்கு நாள் குறித்தார்கள். ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். தேவாங்கே இல்லை என்று சொல்லிவிடு, ஒரே நாளில் வேலியை வெட்டிக் கொளுத்து, வந்து பார்க்கட்டும் என்றார்கள். நானும்தான் சொன்னேன், வெட்கமில்லாமல். நான் பிழையாகப் பார்த்தேன், அது அணில் என்று விசாரணையில் சொல்கிறேன் என்றேன்.

"அணிலா? மொத இல்லாததப் புள்ளடி போட்ட, இப்ப இருக்குறத அழிக்கப் போறியா? வாய மூடு. நான் பேசிக்கிறேன்."

விசாரணை மன்னாரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நீங்கள் காட்டைப் பிடித்திருக்கிறீர்கள் என்றார் நடுவில் இருந்தவர். பாலம்மா கதிரையில் உட்காரவே இல்லை. "அய்யா, நான் காட்டுக்குள்ள போகல்ல. அதுதான் என்கிட்ட வந்துச்சு. ஏன் வந்துச்சுன்னு கேளுங்க. அங்க முதிரை மரமும் பாலை மரமும் லொறி லொறியாப் போனப்ப உங்க கல்லு எங்க போயிருந்துச்சு? அரக்காணிக்காரிக்கு நடுறதுக்குத்தானா அது?" நான் எழும்பி, அது பற்றைக்காடு இல்லை, வேலி, பிழை என்னுடையது என்றேன். படிவத்தில் வேலிக்கு இடமில்லையே என்றார் பக்கத்தில் இருந்தவர். அதுதானய்யா பிரச்சினை என்று கத்திவிட்டேன். வெளியே போகச் சொன்னார்கள்.

முடிவு வந்தது. வீடும் கிணறும் பாலம்மாவுக்கு. வேலி ஒதுக்குக் காட்டுக்கு. அதில் ஓர் இலை முறித்தாலும் குற்றம். வென்றுவிட்டாய் என்று ஊர் முழுக்க வந்து கைகொடுத்தது. கடிதத்தை வாசித்துக் காட்டிய என்னை மட்டும் அவர் முறைத்துப் பார்த்தார். "வேலியில்லாம வீட்ட வச்சு நான் என்னா செய்ய? யாருடா அத இனி வெட்டுறது?"

யாரும் வெட்டவில்லை. அந்தப் புரட்டாதியில் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுச் சும்மா இருந்தார். கிளுவை மேலே ஓடியது. அடி வெளித்தது. ஆனி மாதம் ஒரு காலையில், வடக்கு மூலையில் விழுந்திருந்த இடைவெளியில், நிலத்தில் இறங்கி நடந்த தாய்த் தேவாங்கை நாய் கடித்துப் போட்டிருந்தது. வயிற்றில் ஒட்டியபடி குட்டி, அதுவும் போய்விட்டது. பாலம்மா இரண்டையும் தன் பழைய சேலைத் துண்டில் சுற்றிக்கொண்டு போய் வன இலாகாவின் காட்டுக் கந்தோர் மேசையில் வைத்தார். "இந்தாங்க, உங்க சொத்து." அங்கிருந்த காவலர் ஒருவர் துண்டைப் பிரித்துப் பார்த்தார்.

இந்த வருடம் புரட்டாதி பிறந்ததும் எனக்கு ஒரு வரி சொல்லியனுப்பினார், ஏணி பிடிக்க வா என்று. போனேன். முதல் கிளை விழுவதற்குள் பைசர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பக்கத்து ஊர்க்காரர், ஐம்பது வயது, காட்டுக் கந்தோரின் காவலர், மோசமான மனிதர் இல்லை.

"பாலம்மாக்கா, கத்தியக் கீழ வைங்கோ. இது இப்ப அரசாங்கத்துட வேலி. வழக்கு எழுதச் சொல்லி என்னை அனுப்பியிருக்கு."

பாலம்மா ஏணியை விட்டு இறங்கினார். நேரே அவரிடம் போய்க் கத்தியைத் திருப்பி, பிடியை நீட்டினார்.

"அரசாங்கத்து வேலிதானே? வெட்டுங்க."

"என்னது?"

"மழைக்கு முன்ன இத வெட்டணும். நான் வெட்டுனாக் குத்தம். அப்ப அரசாங்கம்தான் வெட்டணும். தொப்பியும் சட்டயும் போட்டுக்கிட்டு வந்து நிக்கிறது யாரு, நீங்கதானே? போன ஆனியில தாயும் புள்ளயும் செத்துச்சு. அந்தத் துண்ட நீங்கதான் பிரிச்சுப் பாத்தீங்க. ஏறுங்க."

பைசர் என்னைப் பார்த்தார். நான் ஏணியைப் பார்த்தேன். கந்தோருக்குப் போன் எடுத்தார், யாரும் எடுக்கவில்லை. தொப்பியைக் கழற்றிப் படலையில் கொழுவினார். ஏறினார்.

"அடியில போடாதீங்க! தலைக்கு மேல, தலைக்கு மேல! அய்யய்யோ, மேக்குப் பக்கம் எதுக்குப் போறீங்க? கிழக்கும் தெக்கும்தான் இந்த வருசம். மேக்கால அது தூங்குது!"

மத்தியானம் வரைக்கும் அந்த மனிதரைக் கீழே நின்று வறுத்தெடுத்தார். பைசரின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது, கையெல்லாம் முள் கீறல். இறங்கி வந்து கிணற்றடியில் குந்தியவர், பையிலிருந்து அறிக்கைப் படிவத்தை எடுத்து விரித்தார். என்ன எழுதுவதென்று தெரியாமல் முழித்துவிட்டு, பேனையை என் பக்கம் நீட்டினார்.

"நீ தொட்டியோ, கைய வெட்டிப்புடுவேன்," என்றார் பாலம்மா என்னைப் பார்த்து.

நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். பைசரே எழுதினார், பாலம்மா சொல்லச் சொல்ல: "அரசாங்கத்தின் வேலி இன்று அரசாங்கத்தால் வெட்டப்பட்டது. மேற்கும் வடக்கும் அடுத்த வருடம்."