யாரும் கை தூக்காத கேள்வி

லண்டன் குரோய்டனில் ஒரு பள்ளியின் கடைசி வரிசையில் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். திருநெல்வேலியில் நானும் ஆசிரியை என்பதால் வகுப்புகளைப் பார்க்க அனுமதித்திருக்கிறார்கள். சமூக அறிவியலில் நீதிமன்றம் பற்றிப் பேசுகிறார்கள். அறிவியலில் ஆட்டின் இதயத்தை அறுக்கிறார்கள். கடைசிப் பாடம் குற்றவியல்.

“ஒருவரைக் கத்தியால் குத்துவதைப் பார்த்தால், யாரெல்லாம் போலீஸிடம் சொல்வீர்கள்?” என்று ஆசிரியை கேட்கிறார்.

ஒரு கைகூட உயரவில்லை. நான் தங்கியிருக்கும் ஈழத்தமிழர் வீட்டுப் பெண் அபியும் மேசையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பள்ளி விட்டதும் மழையில் பஸ்ஸுக்கு நிற்கிறோம்.

“ஏம்மா, யாருமே கை தூக்கல?”

அபி சுற்றிலும் ஒருமுறை பார்க்கிறாள். “போன மாசம் எங்கட ஸ்கூல் பொடியன் ஒருத்தனைக் குத்திப்போட்டாங்கள், அன்ரி. செத்துப்போனான். குத்தினது ஆரெண்டு நான் கண்டனான்.”

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“ஓம். வாய் திறக்காத எண்டவர். ஊரில சாட்சி சொல்லப் போன சித்தப்பா திரும்பி வரேல்லையாம்.”

அந்தப் பயத்தைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பஸ் வந்து நிற்கிறது. அபி ஏறவில்லை. பள்ளி வாசலில் குடையில்லாமல் நிற்கும் ஒரு பெண்ணைக் காட்டுகிறாள்.

“செத்த பொடியன்ர அம்மா. ஒவ்வொரு நாளும் வந்து நிக்கிறவ. என்னால பாக்க ஏலாது. ரீச்சரிட்டச் சொல்லப் போறன். நீங்களும் வாறீங்களோ?”

பஸ் கிளம்பிவிடுகிறது. அவளோடு நடக்கிறேன். வீட்டுக்குப் போய் அவள் அப்பாவின் முகத்தில் எப்படி விழிப்பதென்று தெரியவில்லை.