கொக்கி இல்லாத பவள மாலை

மணி கோத்தால் மனசு அமைதியாகும் என்று செல்போன் வீடியோவில் ஒரு பெண் சொன்னாள். நான் கோக்கக் கற்றுக்கொண்டது அவளிடம்தான். ஆனால் எனக்கு அமைதி ஒன்றும் வரவில்லை. ஒவ்வொரு மணியை எடுக்கும்போதும் அத்தையின் கைதான் கண்முன் வந்து நின்றது.

அத்தை என்றால் என் தாய்மாமனின் மனைவி. அவளுடைய மூத்த மகன் கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போக அம்மாவிடம் சங்கிலி இல்லை. இருந்த ஒன்று என் காலேஜுக்காக அடகுக்குப் போய், திரும்பாமலே போனது. அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும், அம்மாவுக்கு அதுவும் தெரியாது. முதல் பட்டதாரி என்று தாசில்தார் ஆபீசில் சான்றிதழ் வாங்கியவன் நான். அதற்கு அம்மாவின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் மிஞ்சியது.

அத்தைதான் தன்னுடைய இரட்டைவடச் சங்கிலியை இரவல் கொடுத்தாள். தாலி கட்டி முடிந்து, மாப்பிள்ளை வீட்டுக்காரர்களைப் போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். அம்மா மேடையேறப் போனாள். அத்தை குறுக்கே வந்து, சம்பந்தி வீட்டுப் பெண்கள் பார்க்கப் பார்க்க அம்மாவின் தோளைத் தொட்டாள்.

"ஏத்தா, அதக் கழட்டிக் குடுத்துரு. கூட்டமா இருக்கு, எனக்கு வயித்தக் கலக்குது."

அம்மா கையைப் பின்னால் கொண்டுபோய்க் கொக்கியைத் தேடினாள். விரல் நடுங்கியதில் அகப்படவில்லை. அத்தையே அம்மாவின் தலையைக் குனிய வைத்துக் கழற்றிக்கொண்டாள். "ம், இப்பப் போயி நில்லு" என்றாள்.

அம்மா முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துக்கொண்டு ஓரமாக நின்றாள். அந்தப் போட்டோ இன்றைக்கும் மாமா வீட்டு ஹாலில் பெரிதாக மாட்டியிருக்கிறது. எல்லோரும் பட்டில் மின்னுகிறார்கள். அம்மா மட்டும் குளிருக்குப் போர்த்திக்கொண்டவள் மாதிரி இருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து நான் குதித்தபோது அம்மா, "விடுப்பா, அவக நகை, அவக பயம்" என்றாள். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். நான் மறக்கவில்லை. இரவல் கேட்டு அத்தை எங்கள் வாசலுக்கு வரவேண்டும். அதே மாதிரி ஒரு கூட்டத்தில் அவள் கழுத்திலிருந்து நான் கழற்றவேண்டும். இதுதான் என் கணக்கு. தங்கம் வாங்க வக்கில்லை. கைதான் இருந்தது.

செக்காலை ரோட்டில் நான் வேலை பார்த்த ஜெராக்ஸ் கடைக்கு எதிரே ஒரு பேன்சி ஸ்டோர். அங்கே பவள நிறக் கண்ணாடி மணி, தங்க நிறக் கில்ட் குண்டு, நூல், கொக்கி, வெட்டும் வாய் உள்ள ஒரு மூக்குக் குறடு வாங்கினேன். "தங்கச்சிக்கா?" என்றார் கடைக்காரர். "எனக்குத்தான்" என்றேன். மறுநாள் ஜெராக்ஸ் கடை முதலாளி சிரித்தார்: "டிகிரிய முடிச்சுட்டுப் பாசி கோக்குறியாம்ல? ரிசல்ட் எப்ப வருது?"

முதல் மாலையைத் தையல் நூலில் கோத்தேன். அதைப் போட்டுக்கொண்டு அம்மா தெருக்குழாயில் குடத்தைத் தூக்கக் குனிந்தாள், அவ்வளவுதான், அறுந்து சிதறியது. கண்ணாடி மணியின் துளை விளிம்பு ரம்பம் மாதிரி நூலை அறுத்திருந்தது. சாக்கடையில் விழுந்தவற்றை அம்மா ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கழுவி, சம்படத்தில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். அடுத்ததைத் தூண்டில் நரம்பில் கோத்தேன். அது கழுத்தில் படியாமல் வளையம் போல விறைத்து நின்றது. "ஆட்டுக்குக் கட்டலாம்டா" என்றார் அப்பா. அதற்கப்புறம்தான் வீடியோக்காரி சொன்ன கியர் வயருக்கு வந்தேன். நூல் மாதிரி வளையும் கம்பி அது. மிளகைவிடச் சின்னதாக ஓர் உலோக மணியை அதில் விட்டுக் குறட்டால் நசுக்கினால், கம்பியைக் கவ்விக்கொள்ளும். பிறகு வெட்டித்தான் எடுக்க முடியும். மணியையும் சலித்தேன். துளை கோணலானதை ஒதுக்கி, அளவு பார்த்துச் சின்னது ஓரத்துக்கும் பெரியது நடுவுக்குமாக வரிசை போட்டேன். நடுவில் குண்டு வைத்து இரட்டைச் சரமாகக் கோத்தது சரியாக வந்தது.

அதைப் போட்டுக்கொண்டு அம்மா இளையாத்தங்குடி கோயிலுக்குப் போனாள். பிரகாரத்தில் செட்டியார் வீட்டு ஆச்சி ஒருவர் நிறுத்தி, "நல்லாருக்கே, எங்க வாங்கினீக?" என்று கேட்டார்களாம். அம்மா இதை மாமாவிடம் போனில் சொன்னாள். அத்தை காதில் விழட்டும் என்றுதான் நானும் பேசாமல் இருந்தேன். இதற்குள் கடைக்கு வரும் காலேஜ் பெண்கள் புடவைத் துண்டைக் கொடுத்து, அதற்குப் பொருத்தமாகக் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். முதலாளி சிரிப்பதை நிறுத்திவிட்டு, கல்லா பக்கத்திலேயே ஒரு ஆணி அடித்து என் மாலைகளைத் தொங்கவிட்டார்.

அத்தை வந்தாள். மகள் கல்யாணப் பத்திரிகையைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு, நாற்காலியை அம்மா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எல்லாத்தையும் புள்ளைக்கே போட்டாச்சு ஆத்தா. எங்கழுத்துல மெலிசா இந்தத் தாலிச் சங்கிலி மட்டுந்தான். வாரவளுக கண்ணெல்லாம் கழுத்துலதான இருக்கும்? கவரிங் போட்டா ஒரசாமலே கண்டுபிடிச்சிருவாளுக. ஒன் பவள மாலைய அன்னைக்கு மட்டும் குடேன். கைவேலைன்னு சொல்லிக்கிருவேன்."

அம்மா சேலை மடிப்பை நீவிக்கொண்டிருந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"தாரோம் அத்தை. உங்க கழுத்துக்கு அளவா மாத்திக் கோத்துத் தாரேன்."

"மாப்ள தங்கம்யா" என்றாள்.

மாலையைப் பிரித்தேன். இந்த முறை கொக்கி வைக்கவில்லை. தலை வழியே கழற்ற முடியாதபடி கழுத்தோடு பிடிக்கும் அளவு. போட்டுவிட்டுப் பிடரியில் உலோக மணியை நசுக்கிவிட்டால் நான்தான் வெட்டவேண்டும். மேடையில் போட்டோவுக்கு நிற்கும்போது போய், "கழட்டிக் குடுங்க அத்தை" என்று வெட்டிவிடுவேன். பவளமெல்லாம் சம்பந்திகள் காலடியில் ஓடும். அத்தை குனிந்து பொறுக்கட்டும். அதோடு அம்மாவுக்குப் பிறந்த வீடு அற்றுப்போகும் என்பதும் தெரியாமலில்லை. போகட்டும் என்றிருந்தேன்.

கல்யாணத்தன்று காலை மண்டபத்து அறையில், அம்மா பார்த்திருக்க, அத்தைக்கு மாலையைப் போட்டு நசுக்கினேன். "கொக்கி எங்க மாப்ள?" என்றாள் அத்தை. "கொக்கி வச்சா பின்னால துருத்திக்கிட்டுத் தெரியும் அத்தை." கண்ணாடியில் அப்படியும் இப்படியும் திரும்பிப் பார்த்துப் பூரித்துப்போனாள். வெளியே வந்ததும் அம்மா என் சட்டைப் பையைப் பார்த்தாள்.

"அது என்னடா?"

"குறடு."

"அதான் போட்டு விட்டாச்சே. இன்னும் எதுக்கு?"

நான் குறட்டைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளிவிட்டுக்கொண்டேன்.

தாலி கட்டியானது. பெண் வீட்டுக்காரர்களைப் போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். அத்தை மேடையேறப் போனாள். அதே மாதிரி கூட்டம், அதே மாதிரி முன்வரிசையில் சம்பந்திப் பெண்கள். குறட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். எனக்கு முன்னால் ஒரு பச்சைச் சேலை போனது. அம்மா. அத்தையின் தோளைத் தொட்டாள். குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை.

"மதினி, அதக் கழட்டிக் குடுத்துருங்க. கூட்டமா இருக்கு, எனக்கு வயித்தக் கலக்குது."

முறையையும் மரியாதையையும் தவிர ஒரு சொல் மாறவில்லை. இத்தனை வருஷம் அம்மா அதை அப்படியே வைத்திருந்தாள்.

அத்தை முகத்தில் ரத்தமே இல்லை. கை பின்னால் போனது. பிடரியைத் தடவியது, கொக்கி இல்லை. மறுபடி தடவியது. முன்வரிசையில் ஒருத்தி பக்கத்திலிருந்தவளை முழங்கையால் இடித்தாள். அம்மா கையை நீட்டியபடி நின்றாள். தேடட்டும் என்று நின்றாள். அத்தையின் விரல் நன்றாக நடுங்கத் தொடங்கிய பிறகுதான் கையை இறக்கினாள்.

"சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன் மதினி. போயி நில்லுங்க."

அம்மா முந்தானையைத் தோளில் சரியாக விட்டுக்கொண்டு, வெறும் மஞ்சள் கயிறோடு நடுவில் போய் நின்றாள். அத்தை ஓரத்தில் நின்றாள்.

"அம்மா, கழுத்துல இருந்து கையக் கீழ விடுங்க" என்றான் போட்டோக்காரன். அத்தை விடவில்லை. அப்படியேதான் எடுத்தான்.

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. குறடு பையிலேயே கிடந்தது. பந்திக்குப் போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். பாதிச் சாப்பாட்டில் அத்தை வந்து எங்கள் இலைக்கு எதிரே நின்றாள். கழுத்தில் கை வைத்த இடம் சிவந்திருந்தது.

"ஏத்தா, இத வெட்டி எடுக்கச் சொல்லு ஒம் மகன."

அம்மா ரசத்தைக் கரைத்துக்கொண்டே, "பந்தியில உக்காந்த புள்ளய எப்படி எழுப்புறது மதினி? அவன் சாப்பிடட்டும். செத்த நில்லுங்க" என்றாள்.

பாயசம் கொண்டுவந்தவரைக் கூப்பிட்டு, இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னேன்.