என் கையில் பதிந்த கை

ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மா வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா என் இடது கையைப் பிடித்துவிட்டாள். முழங்கைக்கு மேலே, யாரோ இறுக்கிப் பிடித்ததுபோல விரல்கள் பழுப்பாகப் பதிந்திருந்தன.

"மாப்ளை அடிச்சாரா?"

"இல்லம்மா. தன்னால வந்துச்சு."

சொன்ன எனக்கே அது பொய் மாதிரிதான் கேட்டது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என் கணவர் சத்தம் போட்டால் அது கிரிக்கெட்டுக்காகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தடம் அவர் விரல்தான். அந்தக் கட்டைவிரலின் அகலம் எனக்குத் தெரியாதா?

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்தேன், இன்னும் கருத்தது. அவர் போன் செய்தால் அம்மா பிடுங்கி வைத்துக்கொண்டாள். அப்பா, "பொட்டப்பிள்ளை மேல கை வச்சவன சும்மா விடச் சொல்லுதியா?" என்று வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்தார். இனி நான் ராஜபாளையத்தில் அவர் வீட்டுக்குப் போகக்கூடாது என்று அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். என்னைக் கேட்க ஒரு நாதி இல்லை.

"தோல் டாக்டர்ட்ட காட்டுவோம். அவங்க அடினு சொன்னா நான் அங்க போகல" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் யோசித்தேன். டாக்டரும் அடி என்று சொல்லிவிட்டால்?

ராஜபாளையத்துப் பெண் டாக்டர் கையைப் பார்த்ததுமே அம்மாவை வெளியே உட்காரச் சொன்னார். கதவைச் சாத்திவிட்டு, "வீட்ல யாராவது கை நீட்டுறாங்களா? பயப்படாம சொல்லுங்க" என்றார். இல்லை என்றேன். நம்பினாரோ என்னவோ, லென்ஸ் வைத்துப் பார்த்தார். அழுத்தினார்.

"முதல்ல எப்படி இருந்துச்சு?"

"செவந்து எரிஞ்சுச்சு. பொறவு இப்படி ஆயிருச்சு."

"அதுக்கு முன்னாடி வெயில்ல எங்க போனீங்க?"

தேவதானத்தில் நாத்தனாரின் வளைகாப்பு முடிந்து உச்சிவெயிலில் பைக்கில் திரும்பியதைச் சொன்னேன்.

"அங்க எலுமிச்சம்பழம் தொட்டீங்களா?"

நான் தொடவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் ஜூஸ் பிழிந்தது அவர்தான். படியில் எனக்குச் சேலை தடுக்கியபோது, பிழிந்த கையோடு ஓடிவந்து பிடித்தார். நான் துடைக்கக்கூட இல்லை.

டாக்டர் சிரித்துவிட்டார். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் கடும் வெயில் பட்டால் இப்படித்தான் வெந்து கருக்கும், போகப்போக மங்கிவிடும் என்று அம்மாவை உள்ளே கூப்பிட்டுச் சொன்னார். அம்மா மறுபடி மறுபடி கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

திரும்பும் பஸ்ஸில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவருக்குப் போன் போட்டுச் சிரித்தேன். அம்மாவை மட்டும் விடவில்லை.

"நான் சொன்னப்ப நம்புனியா? பெத்த மக சொல்லுதா, எம்புட்டு தடவ சொன்னேன்?"

அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"நானும் எங்கம்மாட்ட கதவு இடிச்சிருச்சுன்னுதான் சொல்லுவேன்" என்றாள். "அவிய நம்பிருவாவ."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "அப்பாவா?" என்றேன்.

"வயசாகவும் நின்னுபோச்சு."

பஸ் ஊருக்குள் நுழைந்துவிட்டது. டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்க அப்பா ஸ்டாப்பிலேயே நின்றுகொண்டிருந்தார். அம்மா எழுந்து படிக்கட்டுக்குப் போய்விட்டாள். எனக்கு இறங்கப் பிடிக்கவில்லை.