இஞ்சி மேல் போட்ட பழி

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டவன் நான். படிக்கிற நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுத்தைத்தான் பொறுக்கச் சொல்கிறேன்... என்னை அல்ல.

வீரய்யாவைக் கொன்றது அவன் மனைவி அஞ்சலை கொடுத்த இஞ்சித் தண்ணீர் இல்லை. நான் கொடுத்த மரவள்ளிக் கம்பு! அது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும், ஊர் அவள்மேல் பழி போட்டபோது நானும் சேர்ந்து ஒத்து ஊதினேன்.

விஷயம் இவ்வளவுதான். ஆனால் எப்படி நடந்தது என்றும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

சண்டைக்கு முன்னால் செம்பவாங்கில் வெள்ளைக்காரர் பங்களா ஒன்றில் தோட்டக்காரனாக இருந்தேன். செடிகளோடு பேசத் தெரியும், மனிதரோடு தெரியாது. பெண்கள் எதிரே வந்தால் நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொள்ளும். கல்யாணமும் அதனால்தான் ஆகவில்லை என்று சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

ஜப்பான்காரன் வந்தான், ஊர்ப் பேரையே சியோனான் என்று மாற்றினான். வெள்ளைக்காரன் போனான். அரிசி ஒளிந்துகொண்டது. எல்லாரும் பயிர் வையுங்கள் என்று உத்தரவு வந்தது. அதற்காக ஒரு விவசாய ஆபீஸ் போட்டார்கள். நிலம் இல்லாதவருக்குக் கப்பல் பட்டறை ஓரத்து மேட்டில் ஆளுக்கொரு துண்டு. மண்வெட்டி, நடுவதற்கு மரவள்ளிக் கம்பு. விளைந்ததில் ஒரு பங்கை மாவாக ஆபீசுக்குக் கொடுத்துவிட்டால், மீதியைச் சமைத்துப் பட்டறை வாசலில் கடை போட்டு விற்கவும் அனுமதி. கம்பு வெட்டிக் கொடுக்கிற வேலை எனக்குக் கிடைத்தது.

அஞ்சலைதான் முதலில் கடை போட்டவள். வீரய்யாவுக்குப் பட்டறையில் வேலை. அவள் செய்த கிழங்கு அடைக்கு ஒரு கூட்டமே இருந்தது. தேங்காய் எண்ணெயே கண்ணில் படாத காலத்தில் எப்படித்தான் அந்த மணம் வந்ததோ! அவளைப் பார்த்து இன்னும் சில பெண்கள் கடை போட்டார்கள். பசிக்கிற ஊரில் நாலு அடுப்பு எரிந்தது என்றால் அதற்கு அவளே காரணம்.

அடுத்த நடவுக்கு நல்ல கம்பு போதவில்லை. ஜோகூர் பக்கத்து மாவுத் தோட்டத்திலிருந்து லாரியில் கம்பு வந்தது. "இது கசப்பு ஜாதி அண்ணே. கிழங்கு தொடை தண்டி வரும். ஆனா மாவு எடுக்கத்தான் லா! துருவி, ஊறவச்சு, பிழியணும். அப்படியே அவிச்சுத் தின்னா ஆள் காலி!" என்று லாரிக்காரன் சொன்னான்.

கம்பு வாங்க வந்த ஒவ்வொரு ஆணிடமும் அதைக் காதருகே சொன்னேன். மெதுவாகத்தான். ஆனால் சொன்னேன்.

வீரய்யா வரவில்லை, பட்டறையில் இருந்தான். நானே கம்புக் கட்டைத் தூக்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். அஞ்சலை கிணற்றடியில் தலைமுடியை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தாள். எனக்குக் கால் வரவில்லை... கட்டை வேலியில் சாய்த்து வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

பிறகு வீரய்யாவைப் பல தடவை பார்த்தேன். கிழங்கு முற்ற மாதக்கணக்காகுமே, சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஒருநாள் அவனே, "உங்க கம்பு சோக்கா வந்திருக்கு அண்ணே!" என்றான். அப்போதாவது வாயைத் திறந்தேனா? தலையை ஆட்டினேன்.

அந்தப் புதுச் செடியின் முதல் கிழங்கை அவள் புருஷனுக்கு அவித்துக் கொடுத்தாள். "லேசா கசக்குது புள்ள" என்றானாம். "உப்பு இல்லாம தின்னா அப்படித்தான் இருக்கும்" என்றாளாம். உப்புக்கு நாங்கள் எல்லாரும் ஏங்கிக் கிடந்த நேரம். அவன் தின்றான். தலை சுற்றியது, வயிற்றைப் பிடித்துக்கொண்டான். வாயு என்று நினைத்து இஞ்சியைத் தட்டிக் கொதிக்கவைத்துக் கொடுத்தாள். பொழுது சாய்வதற்குள் போய்விட்டான்.

மரவள்ளி தின்றபின் இஞ்சி கூடாது, இரண்டும் சேர்ந்தால் விஷம் என்பது நம் ஜனங்களின் நம்பிக்கை. உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள்.

"கிழங்கு மேல இஞ்சியா குடுத்தே? அடிப் பாவி!" சாவு வீட்டில் ஒருத்தி தொடங்கினாள். பிறகு எல்லா வாயும் அதையே சொல்லிற்று. அஞ்சலை தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது பட்டறைக் கங்காணி என் பக்கம் திரும்பினார். "நீதானேப்பா கிழங்கு ஆளு? சொல்லு, இஞ்சிதானே?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். என் வாழ்நாளில் கூட்டத்தின் நடுவே நான் பேசியது அந்த ஒரு தடவைதான்.

"இஞ்சி சேராதுன்னு சொல்வாங்க" என்றேன்.

ஜனங்கள் அப்படிச் சொல்வது உண்மைதானே, நான் எங்கே பொய் சொன்னேன் என்று வெகுநாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். சீ! அந்தச் சமாதானத்தை நாய்கூட முகராது.

மறுநாள் அவள் துண்டு நிலத்திலிருந்த செடி முழுவதையும் பிடுங்கி, கிழங்கை ஆபீஸ் மாவுக் கொட்டகையில் சேர்த்தேன். ஆபீஸ் உத்தரவு என்றேன். வீடு வீடாகப் போய், இந்தக் கிழங்கைத் துருவி ஊறவைக்காமல் யாரும் தொடக்கூடாது, அதுவும் உத்தரவு என்றேன். வாசலில் பெண்கள் நின்றாலும் சொன்னேன். அன்றைக்கு மட்டும் நாக்கு எப்படிப் புரண்டது? அதன்பின் யாரும் சாகவில்லை. பார்த்தீர்களா... எல்லாரையும் காப்பாற்ற எனக்கு வழி தெரிந்தது. அவளைக் காப்பாற்ற மட்டும் என் தலையை நீட்ட வேண்டியிருந்தது.

செடியைப் பிடுங்கியபோது அவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "என் வாசலை மிதிச்சது நீங்க ஒருத்தர்தாண்ணே" என்றாள். குடித்தேன். அதையும் குடித்தேன்!

ஒரு தடவை ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாரிடம் வாயெடுத்தேன். யாழ்ப்பாணத்து மனிதர், படித்தவர். "ஐயா, அந்தக் கசப்புக் கம்பு..." என்று தொடங்கியதுமே கதவைச் சாத்தினார்.

"எந்தக் கம்பு? நீர் ஒண்டும் சொல்லேல்ல, நான் ஒண்டும் கேக்கேல்ல. ஜப்பான்காரன் அறிஞ்சால் உம்மட தலையோட விடுவானோ? எனக்கு மூண்டு பிள்ளையள். போய் வேலையைப் பாரும்!"

போய் வேலையைப் பார்த்தேன். அவர்மேல் குற்றம் சொல்லமாட்டேன். அவர் கதவைச் சாத்தியது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

அஞ்சலை மறுபடி கடை போட்டுப் பார்த்தாள். வெறும் சர்க்கரைவள்ளிதான். பட்டறை ஆட்கள் தூர நின்று, "அக்கா, இன்னிக்கு இஞ்சி தூக்கலா, கம்மியா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். யாரும் வாங்கவில்லை. ஆவி அடங்கிய கிழங்கைத் தலையில் தூக்கிக்கொண்டு திரும்புவாள். பிறகு அனுமதியும் வேறொருத்திக்குப் போனது.

இப்போது ஜோகூர்ப் பக்கம் காட்டை அழித்துப் புதுக் குடியேற்றம் போடுகிறார்கள். போகிறவர்களுக்கு நிலம் உண்டு, தொழில் உண்டு என்கிறார்கள். அங்கே பொதுச் சமையல் கொட்டகைக்கு ஒரு கைகாரி வேண்டும். அஞ்சலை பெயர் கொடுத்திருந்தாள்.

இன்று காலை மூட்டையோடு ஆபீசுக்கு வந்தவள் என் முன்னால் நின்றாள்.

"அண்ணே, அங்க என்னை யாருக்கும் தெரியாதுல்ல?"

"தெரியாதும்மா."

"ஆனா எனக்குத் தெரியுமே! நீங்க பொய் பேசாத ஆளு. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். என் இஞ்சித் தண்ணிதானா அவரைக் கொன்னுச்சு?"

பக்கத்தில் யாரும் இல்லை. ஜப்பான்காரன் இல்லை, கங்காணி இல்லை. ஒரு வார்த்தை போதும்... 'இல்லை' என்ற ஒரு வார்த்தை!

"வழிக்கு ஏதாச்சும் வேணுமாம்மா?" என்றேன்.

மூட்டையை இறக்கி வைத்தாள். பிறகு, "சரிண்ணே. புரிஞ்சுது" என்றாள். "சமையல் கொட்டகை வேணாம். இந்தக் கையால இனிமே யாருக்கும் ஆக்கிப் போடமாட்டேன். மண்வெட்டி வேலைக்கே போறேன்னு கிராணி ஐயாகிட்டச் சொல்லிடுங்க."

காடு வெட்டப் போனவர்களைக் காய்ச்சல் தூக்கிக்கொண்டு போகிறது என்று போய் வந்தவர்கள் சொல்கிறார்கள். அதுவும் எனக்குத் தெரியும். இருந்தும் கிராணியாரிடம் சொன்னேன். அவர் மாற்றிப் போட்டுவிட்டார்.

லாரி சாயங்காலம் வரும். அவள் சுவருக்கு அந்தப் பக்கம் மூட்டைமேல் உட்கார்ந்திருக்கிறாள். இந்தப் பக்கம் விதைப் பொட்டலக் காகிதத்தில் நான் இதை எழுதுகிறேன். அவள் இருமுவது கேட்கிறது. கூப்பிட்டால் எழுந்து வருவாள்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். அது தெரிந்துதான் நான் எழுதத் துணிந்தேனோ?

லாரிச் சத்தம் கேட்கிறது. சொல்லவில்லை. எழுதிவிட்டேன்.

சியோனான், செம்பவாங்.
தாரண வருடம், கார்த்திகை மாதம் பதினோராம் நாள்.